இரண்டு ஆடிக்குப் பிரித்துப் போட்ட டர்போ எஸ்டிமேட்

லேப்டாப்பைச் செருகி, உட்கார்ந்த இடத்திலேயே பூஸ்ட்டை, அதுதான் டர்போ இன்ஜினுக்குள் திணிக்கிற காற்றை, கூட்டிக் குறைக்கிற தம்பிகள் நீங்கள். உங்களிடம் வந்து கார்புரேட்டர் காலத்துக் கதை சொன்னால் கொட்டாவி விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். விடுங்கள், பரவாயில்லை. ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை; அதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும். பழைய காருக்கு டர்போ வைக்கவேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கும்போது, எஸ்டிமேட்டில் முதல் வரி எழுதுவதற்கு முன் அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஒரே ஒரு கார், ஒரே ஒரு ஆள். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சை என்னவோ செய்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் ஓரிக்கை போகிற ரோட்டில் எங்கள் ஷெட். இடம் பாயுடையது. ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மேஸ்திரி நான்; இன்ஜின் வேலையும் எஸ்டிமேட்டும் என் பொறுப்பு. கஸ்டமரிடம் சண்டை போடுவதும் என் பொறுப்புதான், ஏனென்றால் பாய்க்குச் சண்டை போட வராது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் பக்கத்திலேயே இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை எங்கள் ஷெட் வாசலில் வந்து நிற்கிற ஆட்கள் நிறைய. "அண்ணே, டர்போ வைக்க எவ்ளோ ஆவும்?"

டர்போ வைக்க அவ்வளவு ஒன்றும் ஆகாது. சென்னை புதுப்பேட்டையில், பிரித்துப் போட்ட ஜப்பான் வேன்களிலிருந்து எடுத்த டர்போக்கள் கத்தரிக்காய் போலக் குவிந்து கிடக்கும். ஷாஃப்ட்டை அசைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லாததாக ஒன்றை எடுத்துவரலாம். ஆனால் டர்போவை வைத்த பிறகு அந்தக் கார் என்னவெல்லாம் கேட்கும் என்பதுதான் செலவு. பாய் சொல்வார்: "கம்மியா எஸ்டிமேட் போட்டு கஸ்டமரை சந்தோஷப்படுத்தாத மேஸ்திரி. அந்த சந்தோஷம் போல்ட்டு கழட்டற வரைக்கும்தான்."

அதை நான் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு பட்டுக்கடைக்காரர் மகன், நான் சொன்னதைக் கேட்காமல் வேறு எங்கோ போய் டர்போவை மட்டும் வைத்துக்கொண்டு வந்தான். பட்டு வியாபாரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. புடவையில் சரிகைதான் விலை, மற்றதெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவது என்று நினைப்பார்கள். காரிலும் டர்போதான் சரிகை என்று நினைத்துவிட்டான். பிரேக் பழையது, ரேடியேட்டர் பழையது. கூரம் பக்கம் ஒரு வளைவில் கார் நேராக நெல் வயலுக்குள் போய் நின்றது. பையன் பிழைத்தான், கார் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நான் இன்னும் கறாரான ஆளாகிவிட்டேன். முதலில் நிற்கவேண்டும், அப்புறம்தான் ஓடவேண்டும் என்பது என் கட்சி.

இப்படி இருக்கும்போதுதான் ஏகாம்பரம் வந்தார். தவில் வித்வான். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்தில் வீடு. அந்தச் சந்தில் காலையில் நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலை நீளமாக நீட்டியிருப்பார்கள். அதைச் சுருட்டி எடுக்கிற வரைக்கும் அவர் காரை வெளியே எடுக்க முடியாது. அதனால் எப்போதும் வெயில் ஏறிய பிறகுதான் வருவார். வாட்டசாட்டமான ஆள், நாற்பதைத் தாண்டியவர், காதில் கடுக்கன், நெற்றியில் விபூதி. காரோ நீள மூக்கு, ஜப்பான் இன்ஜின், நம் ஊர் ரோட்டில் அந்த நாளில் ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்த கார். பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மில் முதலாளி வைத்திருந்து, அலுத்துப் போய் விற்றதை இவர் வாங்கியிருந்தார். நாகஸ்வரம், தவில், தாளம் என்று மொத்த செட்டையும் ஏற்றிக்கொண்டு கல்யாணம் கல்யாணமாகப் போய்வருவார்.

"மேஸ்திரி, இந்த வண்டி விசில் அடிக்கணும்பா," என்றார் வந்ததும் வராததுமாக.

"விசில் குக்கர்ல வரும் வித்வான். இது காரு."

விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார். முந்தின வருஷம் ஜெர்மனியில் ஈழத் தமிழர்கள் கட்டிய ஒரு கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போயிருக்கிறார். விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போன பையனிடம் ஒரு பழைய டர்போ கார். "அவன் அழுத்தினான் பாரு, உள்ளேருந்து ஒரு சத்தம். கீழ சட்ஜத்துல புடிச்சி, அப்டியே வழுக்கிக்கினு மேல போவுதுபா. எங்க நிக்கும்னு பாத்துக்கினே இருக்கறேன், நிக்க மாட்டேங்குது. காலை எடுத்தான், உஸ்ஸுனு மூச்சு வுடுது. நாகஸ்வரத்துல அப்டி ஒரு இழுப்பு இழுக்க எங்க அப்பா காலத்துல ஒருத்தர் இருந்தாராம். நான் கேட்டதில்ல. அந்த காருலதான் கேட்டேன்."

சொல்லும்போது வலது கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். அந்த மாதிரி ஒரு சத்தத்துக்காகக் காசு செலவு பண்ண வந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாரும் வேகம் கேட்பார்கள், இவர் சத்தம் கேட்டார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனாலும் எஸ்டிமேட் எஸ்டிமேட்தான். காரை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன். இன்ஜின் ஹெட் சரியில்லை, ரேடியேட்டர் பாதி அடைப்பு, கிளட்ச் பிளேட் தேய்ந்தது, பிரேக் பெயருக்குத்தான் பிரேக். ஜெர்மனியில் சம்பாதித்த காசு அவர் கையில் இருந்தது. அது டர்போவையும் அதைப் பொருத்துகிற வேலையையும் தாங்கும். அல்லது ஹெட், ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் தாங்கும். இரண்டையும் தாங்காது.

இன்னொன்றும் இருந்தது. கச்சேரிக்காரர்களின் கார் ஷெட்டில் படுத்துக்கிடக்க முடியாது. வைகாசி, ஆவணி, தை எல்லாம் முகூர்த்தம். புரட்டாசியில் நவராத்திரி. மார்கழியில் விடிகாலையில் கோயில் வாசிப்பு, மாலையில் சென்னையில் சபா. கல்யாணம் இல்லாத ஆடி மாதம் ஒன்றில்தான் அவர் சைக்கிளில் கோயிலுக்குப் போய்க்கொண்டு காரை எங்களிடம் விடமுடியும். ஆக, ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் வாரக்கணக்கில் தள்ளிப்போவதில்லை. அடுத்த ஆடிக்குத்தான் போகும்.

நான் எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்தேன். இந்த ஆடிக்கு ஹெட், ரேடியேட்டர், கிளட்ச், பிரேக். அடுத்த ஆடிக்கு டர்போ. வருஷம் முழுக்க முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் டர்போவுக்குச் சேர்ந்துவிடும். நியாயமான எஸ்டிமேட். பாய் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வித்வான் தலையாட்டவில்லை. "மாத்திப் போடுப்பா," என்றார். "இந்த ஆடிக்கு டர்போவ வெச்சிடு. பிரேக்கு கீக்கு எல்லாம் அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம். நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"மெதுவா ஓட்டறவருக்கு டர்போ எதுக்கு? மெதுவா ஓட்டினா விசிலே வராது."

"ஒரு வாட்டி அழுத்தறேன். காலி ரோடாப் பாத்து, ஒரே ஒரு வாட்டி. அப்புறம் தொட மாட்டேன்பா, சத்தியமா."

"இப்டித்தான் எல்லாரும் சொல்லுவாங்க வித்வான். அந்த ஒரு வாட்டியிலதான் கூரத்துல ஒருத்தன் வயலுக்குள்ள போனான். உங்க வண்டியில நீங்க மட்டுமா போறீங்க? செட்டு மொத்தமும் போவுது. அவங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு நீங்க போய் பதில் சொல்றீங்களா?"

சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஷெட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் காரின் மூக்கைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அடுத்த ஆடி ரொம்ப தூரம்பா," என்றார்.

"ஆடி எங்கயும் ஓடிடாது. வருஷா வருஷம் வருது," என்றேன் நான்.

அவர் சாவியை பாய் கையில் கொடுத்துவிட்டு, ஷெட் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார்.

வேலையைப் பிரமாதமாக முடித்தோம். ஆடி முடிவதற்குள் கார் புதுசாகிவிட்டது. பிரேக்கில் கால் வைத்த இடத்திலேயே நிற்கும். வித்வானும் சந்தோஷமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க, முகூர்த்தம் முடிந்து திரும்புகிற வழியில் ஷெட்டுக்கு வருவார். கல்யாண வீட்டு வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, மைசூர்பாகு ஏதாவது ஒன்று எங்களுக்கு வரும். கூடவே டர்போ கணக்கில் கொஞ்சம் பணம். பாதி வருஷத்திலேயே நான் புதுப்பேட்டைக்குப் போய் நல்ல டர்போ ஒன்றைப் பிடித்துவந்து, துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

அதிலிருந்து அவர் வந்தால் முதல் வேலை அதுதான். துணியை அவிழ்ப்பார். தவில் வாசிக்கிறவர்கள் வலது கை விரல்களில் கெட்டியாகக் கூடு மாட்டியிருப்பார்களே, சில நாள் அதைக்கூடக் கழற்றாமல் வருவார். ஒரு விரலால் உள்ளே இருக்கிற சின்ன விசிறியைச் சுண்டிவிடுவார். அது சுற்றும். காதோடு வைத்துக் கேட்பார். "தூங்குது," என்பார் என்னைப் பார்த்து. நான் "எழுப்பாதீங்க," என்பேன். என் வாழ்க்கையில் அந்த ஷெட்டில் நான் சந்தோஷமாக இருந்த சாயங்காலங்கள் என்றால் அவைதான். இப்போது எந்த ஷெட்டுக்குப் போனாலும் யாரோ ஒருவர் வெற்றிலை மடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரமாட்டாரா என்று இருக்கிறது.

தை மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் அவர் டர்போவை வலது காதில் வைத்தார், அப்புறம் இடது காதில் வைத்தார், அப்புறம் "தூங்குது" என்று சொல்லாமலே துணியைச் சுற்றிவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தது மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஆடி வந்தது. டர்போ ஏறியது. பொருத்தின கதையெல்லாம் உங்களுக்கு எதற்கு, நான்கு நாள் வேலை என்று நினைத்தது நாற்பது வாய்ச்சண்டையில் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்துக்கு வாலாஜாபாத் தாண்டி, தென்னேரி ஏரிக்கரையை ஒட்டிப் போகிற ரோட்டைத் தேர்ந்தெடுத்தோம். மத்தியானம் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. அவர்தான் ஓட்டுவேன் என்றார். அவர் கார், அவர் ஆசை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார், கச்சேரிக்குப் போகிற மாதிரி.

"மூணாவது கியர்ல மெதுவா அழுத்துங்க. ஏதாவது சத்தம் வந்தா உடனே காலை எடுத்துடணும்," என்றேன்.

அந்தக் காலத்தில் அதுதான் பாதுகாப்பு. இப்போது இன்ஜின் தட்டினால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து அடக்கிவிடுகிறது. அப்போது அதெல்லாம் கிடையாது. காற்றை அதிகமாகத் திணிக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடித்தால், கணீர் கணீர் என்று ஒரு மெல்லிய தட்டல் கேட்கும். நாக்கிங். அதைக் கேட்டதும் ஓட்டுகிறவர் காலை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

அழுத்தினார். கார் முதுகைப் பிடித்துத் தள்ளியது. விசில் கிளம்பியது. ஆகா, அவர் சொன்னது பொய்யில்லை; கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. எனக்கே புல்லரித்துவிட்டது. அதற்குள் கணீர் கணீர் என்று தட்டல் ஆரம்பித்தது.

"காலை எடுங்க!"

அவர் எடுக்கவில்லை. முகத்தை முன்னால் நீட்டி, எதற்கோ காத்துக்கொண்டிருப்பவர் போல, இன்னும் அழுத்தினார். தட்டல் அதிகமானது. முன்னால் ஏரிக்கரை வளைவு வந்துகொண்டிருந்தது.

"யோவ், காலை எடுய்யா! தட்டுது, கேக்கல?"

இன்னும் அழுத்தினார். நான் எட்டிச் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் செத்தது. அவர் திடுக்கிட்டு பிரேக்கில் ஏறி நின்றார். போன ஆடியில் போட்ட பிரேக். கார் வளைவுக்கு முன்னால், கரையோரமாக நின்றது. கீழே ஏரி.

நான் கத்தியதை இங்கே சொல்ல முடியாது. மூச்சு வாங்கக் கத்தி முடித்தேன். அவர் ஒரு வார்த்தைக்கும் கோபப்படவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"விசில் வந்துச்சாப்பா?"

நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

"கேக்கலியா வித்வான்?"

"மேல் ஸ்தாயி சத்தம் எல்லாம் போயிடுச்சுபா. நீ பேசறது கேக்குது. தவிலு கேக்குது. ஜால்ரா கேக்காது. தாளம் போடறவன் கையைப் பாத்துக்கினுதான் வாசிக்கறேன். தவிலுக்காரனுக்கு இது வரும்னு டாக்டரு சொன்னாரு. மேல இருக்கறதுதான் மொதல்ல போவுமாம்."

"எப்பலேர்ந்து?"

"போன ஆடிக்கு முன்னாலயே சொல்லிட்டாரு. ஒரு வருஷம் தாங்கினா பெரிசுன்னாரு."

"அடப்பாவி மனுஷா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஊரு பூராத் தெரிஞ்சிடும். காது போன தவிலுக்காரனுக்கு யாருப்பா முகூர்த்தம் குடுப்பாங்க? ரெண்டு பொண்ணுங்க இருக்குது எனக்கு."

ஏரிக்காற்று ஜன்னல் வழியாக அடித்தது. நான் இறங்கிப் போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைச் சமாதானப்படுத்துகிற நிலைமை அவருக்கு.

"நீ போட்ட வரிசை சரிதான்பா. அன்னிக்கு நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் ஏரிக்குள்ள மீன் புடிச்சிக்கினு இருப்போம்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்னது சரி என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

ஷெட்டுக்கு வந்து பாயிடம் மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து வழி பார்த்தோம். பூஸ்ட்டைக் குறைக்கலாம், தீப்பொறி விழுகிற டைமிங்கைப் பின்னால் தள்ளலாம், இன்றைக்குத் தட்டாமல் செய்துவிடலாம். ஆனால் எங்கேயோ ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் கலப்படப் பெட்ரோல் போட்டால் மறுபடியும் தட்டும். அப்போது காலை எடுக்க அவருக்கு யார் சொல்வது? தட்டலைக் கண்டுபிடித்து விளக்கு எரிகிற கருவி சென்னையில் ரேஸ்காரர்கள் சிலரிடம் இருந்தது. விலை கேட்டோம். டர்போவின் விலையை விட ஜாஸ்தி சொன்னார்கள்.

அப்போதுதான் என் எஸ்டிமேட்டில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. கேஸ்கட் வரை எல்லாவற்றுக்கும் விலை போட்டிருந்தேன். ஓட்டுகிறவரின் காதை மட்டும் சும்மா கிடைக்கிற சாமானாக எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய காருக்கு டர்போ வைக்கும்போது காரைப் பரிசோதிக்கிறோம், ஓட்டுகிற ஆளைப் பரிசோதிப்பதில்லை. அவர் கண், காது, கால், வருஷத்தில் எந்த மாதம் காசு வரும், எந்த மாதம் வராது, பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள், எல்லாம் எஸ்டிமேட்டில் வரவேண்டியதுதான்.

வரிசையைப் பொறுத்தவரை நான் மாறவில்லை தம்பிகளே. இன்றைக்கு வந்து கேட்டாலும் பிரேக்குக்கு அப்புறம்தான் டர்போ என்பேன். ஆனால் ஒருவர் "அடுத்த வருஷம் ரொம்ப தூரம்" என்று சொன்னால், ஏன் என்று கேட்பேன். அவரைத் தனியாக ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போய், உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்பேன். அன்றைக்கே கேட்டிருந்தால் அந்த முதல் ஆடியிலேயே ஒரு வழி செய்திருக்கலாம். பாயே கடன் கொடுத்திருப்பார். இல்லாவிட்டால் டர்போ இருக்கிற ஒரு காரை எங்கேயாவது பிடித்து அவரை உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டியிருப்பேன். இருங்காட்டுக்கோட்டை ஒரு மணி நேர தூரம்தானே, கடவுளே. டர்போ இந்த ஆடிக்கா அடுத்த ஆடிக்கா என்று மட்டுமே யோசித்தேன். அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்.

மறுநாள் வந்தார். நான் பூஸ்ட்டைக் குறைத்து, தட்டல் இல்லாமல் சரிசெய்து வைத்திருந்தேன். எப்படியாவது பேசிச் சரிக்கட்டலாம் என்று வாயைத் திறந்தேன். டர்போ வேண்டாம் என்று ஊரையே விரட்டினவன், "இருக்கட்டும் வித்வான், பாத்து ஓட்டிக்கலாம்," என்று கெஞ்சினேன்.

"வேணாம்பா," என்றார். "செட்டு ஆளுங்க தூங்கிக்கினு வருவாங்க. நீதான் சொன்னியே, அவங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? கழட்டிடு. வித்து வர்றது பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்."

விற்றால் பாதிகூட வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கழட்டறதுக்கு முன்ன ஒரு வாட்டி நீ ஓட்டு," என்றார். "நான் பக்கத்துல குந்திக்கறேன்."

அதே தென்னேரி ரோடு. இந்த முறை நான் ஸ்டியரிங்கில். அவர் பக்கத்து சீட்டில், ரோட்டைப் பார்க்காமல், முழு உடம்பையும் என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

"இன்னா வித்வான், என்னியே பாத்துக்கினு வரீங்க?"

"நீ கேளு. நான் உன் மூஞ்ச பாத்துக்கறேன்."

மூன்றாவது கியரில் போட்டு மெதுவாக அழுத்தினேன். தட்டல் இல்லை. விசில் மட்டும் சுத்தமாகக் கிளம்பியது, கீழேயிருந்து, வழுக்கிக்கொண்டு. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். ஓரக்கண்ணில் அவர் வலது கை தெரிந்தது. மடியிலிருந்து எழும்பியது. விசில் ஏற ஏற அந்தக் கையும் ஏறியது. இவருக்கு எப்படித் தெரிகிறது? என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விசில் உச்சிக்குப் போனபோது கையும் அவர் தலைக்கு மேலே நின்றது. நான் காலை எடுத்தேன். உஸ்ஸென்று மூச்சு விட்டது கார். கை மெல்ல இறங்கியது.

"இதேதான்பா," என்றார். "அன்னிக்கு ஜெர்மனியில கேட்டது இதேதான்."

அன்று சாயங்காலமே டர்போவைக் கழற்றினேன்.